பாதிக் கோப்பை

என் அக்கா காரியமாக ஏதாவது பேச வேண்டுமானால் முதலில் காப்பி வரும். காப்பியோடு முறுக்கும் வந்தால் காரியம் பெரிது என்று அர்த்தம். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். காப்பி வந்தது, முறுக்கு வந்தது, இரண்டுக்கும் பின்னால் ஒரு காகிதமும் வந்தது.

விளையாட்டு விடுதி ஒன்றில் சேர்வதற்கான மனு அது. பெயர், பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் பையனின் கோணல் எழுத்தில் பூர்த்தியாகியிருந்தன. ‘ஆட்டம்’ என்ற இடத்தில் மட்டும் ‘கால்பந்து’ என்று மணிமணியாக எழுதியிருந்தான். கீழே பாதுகாவலர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அத்தான் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் பையனின் காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

“பத்தாவது பரீட்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்லை தம்பி. இவன் என்னடான்னா கொள்ளிடத்து மணலே கதின்னு கிடக்கிறான். நீ சொன்னாக் கேப்பான். பந்தாடி யார் உருப்பட்டாங்கன்னு எடுத்துச் சொல்லு” என்றாள்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுதப் போனவனிடம் வந்து, பையனைப் படிப்பில் நிறுத்தும்படி கேட்கிறாள்! அதிலுள்ள வேடிக்கை அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் வேறு ஆள் இல்லையே.

“எடுத்துச் சொல்லு” என்றால் எதை எடுத்துச் சொல்வது? வக்கீல் தம் கட்சிக்காரருக்காகச் சாட்சியம் தேடுவது போல நானும் தேடினேன். நம் தேசத்தின் இளைஞர் அணிகள் வெளிநாட்டாரோடு ஆடிய ஆட்டங்களின் கணக்கைப் பார்த்தால், அக்காவின் கட்சிக்கு வேண்டிய மட்டும் சாட்சி கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது. அதோடு, நான் தேடாத ஒன்றும் கிடைத்தது.

ஆசிய இளைஞர்களுக்கென்று தனியாகக் கால்பந்துப் போட்டி வேண்டும் என்று முன்னின்று நடத்தியவர் மலாயாவின் பிரதமராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான். 1959-ல் கோலாலம்பூரில் முதல் போட்டி நடந்தது. தென்கொரியா வென்றது. அடுத்த வருஷமும் அதுவே வென்றது. பிறகு பர்மாவின் காலம். 1961-லிருந்து 1970-க்குள் ஏழு முறை கோப்பையில் பர்மாவின் பெயர் ஏறியது. பர்மா என்றால் தேக்கும் அரிசியும் என்று மட்டும் எண்ணியிருந்த எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. இறுதி ஆட்டம் சமமாக முடிந்து இரண்டு தேசங்கள் கோப்பையைப் பங்கு போட்டுக்கொள்வது அந்த நாட்களில் சகஜம். பர்மா வென்ற ஏழிலேயே ஐந்து, பங்குக் கோப்பைகள்தாம்.

இந்தியா எங்கே என்று கேட்கிறீர்களா? 1974 வரை பொறுக்க வேண்டும்.

அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் பாங்காக்கில் போட்டி நடந்தது. இந்தியப் பையன்களின் தலைவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஷபீர் அலி. பயிற்சியாளர் அருண் கோஷ். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கிலும், 1962-ல் ஜகார்த்தாவில் தங்கப் பதக்கம் வென்ற அணியிலும் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர் அவர். ஏப்ரல் 30-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரில் ஈரான். 1973-லிருந்து 1976 வரை நான்கு வருஷமும் அந்தக் கோப்பையில் ஈரானின் பெயர் இருந்தது என்றால், எதிராளி எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளலாம். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. கோப்பையை இரண்டு தேசங்களும் பகிர்ந்துகொண்டன. இருபது வயது எட்டாத நம் பையன்கள் ஆசியாவின் சாம்பியன்கள் ஆனார்கள். பாதி சாம்பியன்கள் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

இதை நான் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டதில்லை. பத்திரிகைகளில் இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறவன், அங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் பொன்மலைக்குப் பஸ் ஏறினேன்.

பொன்மலை ரயில்வேப் பட்டறை திருச்சிராப்பள்ளியின் ஒரு தனி தேசம். நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928-ல் இங்கே வந்தது. பட்டறையின் சங்குச் சத்தத்துக்குச் சமையலும் தூக்கமும் நடந்த வீடுகள் அங்கே உண்டு. பட்டறையோடு கால்பந்தும் அங்கே வளர்ந்தது. என் தகப்பனாரின் சிநேகிதர் ஒருவர் அந்த மைதானத்தில் ஆடியவர். பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. பந்தைப் பற்றிப் பேசினால் மட்டும் கால் ஆடும்.

“சித்தப்பா, 1974-ல் நம் பையன்கள் பாங்காக்கில் ஆசியக் கோப்பை வாங்கினார்களாமே, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“எப்போ?”

“ஏப்ரல் 30.”

அவர் விரலை மடக்கி எண்ணினார். “மே ரெண்டாந் தேதி ஜார்ஜ் பெர்னாண்டஸைப் பிடிச்சு உள்ளே போட்டாங்க. எட்டாந் தேதி ஸ்ட்ரைக். அந்த வாரம் பேப்பர் வந்தா முதல் பக்கத்தைத்தான் பத்துப் பேர் சேர்ந்து படிப்போம். கடைசிப் பக்கத்தை எவன் பார்த்தான்?”

எனக்கு விஷயம் விளங்கியது. 1974-ம் வருஷம் மே 8 முதல் 27 வரை இருபது நாள் நடந்தது அந்த ரயில்வே வேலைநிறுத்தம். சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள் அதில் இறங்கினார்கள். அதன் நடுவிலே மே 18-ந் தேதி பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. தேசமே ஒரு பக்கம் ஓடாத ரயிலையும், மறு பக்கம் வெடித்த குண்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாங்காக்கிலிருந்து பாதிக் கோப்பையோடு திரும்பிய பையன்களை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அப்போ இருபது வயசு. அந்தப் பசங்களும் என் ஜோடிதான்” என்றார். மறுபடியும் மௌனம். நான் புறப்படச் செருப்பை மாட்டும்போது, “ரெண்டுக்கு ரெண்டா? ஈரானோடயா?” என்று கேட்டார். நேற்று முடிந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்பது போல இருந்தது.

அந்தப் பாதிக் கோப்பையில் இன்னொரு குறையும் உண்டு. இளைஞர்களுக்கான உலகப் போட்டி 1974-ல் இல்லவே இல்லை. 1977-ல்தான் துனீசியாவில் முதன்முதலாக நடந்தது. சோவியத் ரஷ்யா வென்றது. ஆசியாவிலிருந்து அங்கே போனவை ஈரானும் ஈராக்கும். நம் கோப்பையின் மறு பாதியை வைத்திருந்த அதே ஈரான்தான்! அடுத்த வருஷம், 1978-ல், அர்ஜென்டினாவில் நடந்த பெரியவர்களின் உலகக் கோப்பையிலும் ஈரான் ஆடியது. நம் பையன்கள் படியேறி வந்து நின்றபோது கதவே வைத்திருக்கவில்லை. கதவு வைத்தபோது நம்மவர்கள் படியில் இல்லை. அதன் பிறகு இன்று வரை அந்த வயதினருக்கான ஆசியக் கோப்பை இந்தியாவுக்கு முழுசாகவும் வரவில்லை, பாதியாகவும் வரவில்லை.

ஷபீர் அலி பின்னால் பெரியவர்களின் தேசிய அணிக்கு ஆடினார். கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் புகழ்பெற்ற ஆட்டக்காரரானார். பயிற்சியாளராகவும் பேர் எடுத்தார். அரசாங்கம் அவருக்குத் தியான் சந்த் விருது கொடுத்தது 2011-ல். பாங்காக் ஆட்டம் முடிந்து முப்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

அக்காவின் கட்சி பலமாகிக்கொண்டே வந்தது. மேலும் கேளுங்கள்.

2017-ல் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. போட்டியை நடத்துகிற தேசம் என்பதால் தகுதி ஆட்டம் இல்லாமலே நமக்கு இடம் கிடைத்தது. கால்பந்தில் உலகக் கோப்பை என்ற பெயருள்ள ஓர் ஆட்டத்தில் இந்தியா காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. இருபத்தோரு பையன்கள். அவர்களில் எட்டுப் பேர் மணிப்பூர் என்ற ஒரே சிறு மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை.

மூன்று ஆட்டங்களும் டில்லியில். அக்டோபர் 6-ந் தேதி அமெரிக்காவிடம் 0-3. 9-ந் தேதி கொலம்பியாவிடம் 1-2. 12-ந் தேதி கானாவிடம் 0-4. ஆக, வாங்கியது ஒன்பது கோல், போட்டது ஒன்று.

அந்த ஒன்றைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதை நான் பார்த்தேன். அதைவிட முக்கியம், யாரோடு பார்த்தேன் என்பது.

புரட்டாசி மாதம். இதே வீட்டின் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா பையனுக்கு அப்போது ஏழு வயது. தூங்கப் போகும்படி இரண்டு தடவை அதட்டல் வந்தும் போகாமல் என் மடியில் சாய்ந்திருந்தான். கொலம்பியா ஒரு கோல் முன்னால். 82-வது நிமிஷம். பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் மூலையிலிருந்து பந்தை உயர்த்தி அடித்தார். மணிப்பூரின் ஜீக்சன் சிங் கூட்டத்துக்கு மேலே எழும்பித் தலையால் முட்டினார். வலைக்குள் பந்து! உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். நான் குதித்த குதிப்பில் பையன் மடியிலிருந்து தரையில் விழுந்தான். அழவில்லை. எழுந்து நின்று அவனும் குதித்தான். அடுத்த நிமிஷமே கொலம்பியா இன்னொரு கோல் போட்டுவிட்டது. பையன் குதித்துக்கொண்டே இருந்தான்.

ஜீக்சனின் தாயார் இம்பால் சந்தையில் காய்கறி விற்றுக் குடும்பம் நடத்தியவர். மகன் அன்றிரவு ஒரு தேசத்தின் சரித்திரத்தில் ஏறிவிட்டான். அந்தப் போட்டி முழுவதையும் அரங்கங்களில் வந்து பார்த்தவர்கள் 13,47,133 பேர். அந்த வயதினரின் உலகப் போட்டிக்கு அதற்கு முன் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பார்க்கிற ஜனங்கள் நம்மிடம் குறைவில்லை என்பது மட்டும் நிரூபணமாயிற்று.

2018-ல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆசியப் போட்டிக்காக மலேசியா போனார்கள். லீக் ஆட்டங்கள் மூன்றில் ஒரு கோல்கூட வாங்கவில்லை: வியட்நாமை 1-0 என்று ஜெயித்தார்கள்; இந்தோனேசியாவோடும் ஈரானோடும் கோல் இல்லாமல் சமம். காலிறுதியில் தென்கொரியா. அதில் ஜெயித்தால் அரையிறுதி மட்டும் அல்ல, உலகக் கோப்பைக்கே டிக்கெட்; யாருடைய தயவும் இல்லாமல் நாமாகச் சம்பாதித்த டிக்கெட். தோற்றார்கள். ஒரே ஒரு கோல் வித்தியாசம்.

பெண்களின் கணக்கைப் பார்க்கலாம் என்றால் அது இன்னும் கொடிது. 2022-ல் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பையும் இங்கேயே நடந்தது. புவனேஸ்வரத்தில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அணித் தலைவி அஷ்டம் ஓராவ்ன், ஜார்க்கண்டில் கும்லா மாவட்டத்துப் பெண். அவளுடைய கௌரவத்துக்காக ஊருக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலையிலேயே அவளுடைய பெற்றோர் தினக் கூலிக்கு வேலை செய்தார்கள். இதைப் படித்துவிட்டு அன்று நான் மேற்கொண்டு ஒன்றும் படிக்கவில்லை.

ஆக என் சாட்சியம் தயார். ஒரு பாதிக் கோப்பை. ஒரு தலைமுட்டுக் கோல். பாக்கியெல்லாம் நஷ்டக் கணக்கு. இதை எடுத்துக்கொண்டு ஒரு மாலை வேளையில் கொள்ளிடக் கரைக்குப் போனேன்.

தை மாதத்தில் கொள்ளிடம் ஓரமாக ஒரு கோடு ஓடும். மற்ற இடமெல்லாம் மணல். செருப்புகளைக் குவித்து இரண்டு பக்கமும் கோல் வைத்து, வெறுங்காலோடு பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணலில் ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆற்றைக் கடந்தவர்களுக்குத் தெரியும். இவன் ஓடினான். இருட்டுகிற மட்டும் காத்திருந்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அம்மா அனுப்பிச்சாங்களா மாமா?” என்றான்.

பொய் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு என் சாட்சியத்தைத் தொடங்கினேன். 1974-ஐச் சொன்னேன். துனீசியாவைச் சொன்னேன். ஒன்பது கோலைச் சொன்னேன். பதினாறு கோலைச் சொன்னேன். பையன் மணலைக் கீறியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“2018-ல் ஸ்பெயினில் நடந்ததைச் சொல்லலையே?” என்றான்.

அது என் குறிப்பில் இருந்தது. எதிர்க்கட்சிக்கு உதவும் என்று விட்டுவைத்திருந்தேன்! அந்த வருஷம் ஆகஸ்டில் நம் இருபது வயதுக்கு உட்பட்ட அணி அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்தது. அந்த வயதினரின் உலகக் கோப்பையை ஆறு முறை வென்ற தேசம் அது. அன்று அவர்களுடைய பயிற்சியாளராக நின்ற ஸ்கலோனிதான் 2022-ல் மெஸ்ஸியின் அணிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர். நம்மவரில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போக, பத்துப் பேராக நின்று ஜெயித்தார்கள்.

“ரெண்டாவது கோல் யார் போட்டது தெரியுமா மாமா? அன்வர் அலி. அவருக்கு என்ன ஆச்சு தெரியுமா?”

தெரியும். 2019-ல் அவருடைய இருதயத்தில் கோளாறு கண்டார்கள். இனி ஆடக் கூடாது என்றார்கள். பத்தொன்பது வயதுப் பையன் கோர்ட்டு வரை போய் வழக்காடினார். 2022-ல் பெரியவர்களின் தேசிய அணியிலேயே ஆடினார். ஜீக்சனும் அந்த அணியில் ஆடினார். 2017-ன் பையன்களில் இன்னும் சிலரும் ஆடினார்கள். தோற்ற அணியின் வயலில் விளைந்த நெல் இது. ஆனால் அதே பையன்களைச் சேர்த்து வைத்து லீக் ஆட்டங்களில் ஆடப் பழக்கிய இந்தியன் ஆரோஸ் என்ற அணியை 2022-ல் கலைத்துவிட்டார்கள். நாற்றங்காலை மூடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இவ்வளவையும் யோசித்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன். பையன் மெதுவாகச் சொன்னான்:

“போன நவம்பர்ல அகமதாபாத்ல தகுதி ஆட்டம் மாமா. பதினேழு வயசுக்குள்ளே. ஈரான்தான் முதல்ல கோல் போட்டுச்சு. நாம ரெண்டு போட்டு ஜெயிச்சோம். ஆசியக் கோப்பைக்குத் தகுதி. அதுல ஆடினவங்க என் வயசுப் பசங்க.”

2025 நவம்பர். 1974 ஏப்ரலில் இரண்டுக்கு இரண்டு என்று நின்ற கணக்கில், ஐம்பத்தோரு வருஷம் கழித்து வேறு பையன்கள் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. நான் பழைய கணக்கைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? பொன்மலைப் பெரியவர் அன்று கடைசிப் பக்கத்தைப் பார்க்காததற்கு ஒரு ஸ்ட்ரைக் காரணம். எனக்கு என்ன காரணம்?

ஒரு தேசத்தின் இளைஞர் அணியைக் கோப்பைகளை எண்ணிக் கணக்கிடுவது தப்பு என்று எனக்கு அப்போது பட்டது. ஆட்டம் முடிந்த மறு நாள் காலையில் அந்தப் பையன்களுக்கு ஆட இடம் இருக்கிறதா, ஆளாகி வர வழி இருக்கிறதா என்றுதான் எண்ண வேண்டும். அந்தக் கணக்கில் சம்மேளனமும் சர்க்காரும் தவறியிருக்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் ஒவ்வொரு பையனுக்கும் முதல் கதவு வீட்டுக் கதவு. இருபத்தோரு பேரில் தமிழ்நாட்டுப் பையன் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதிலை டில்லியில் மட்டும் தேடிப் பயன் இல்லை. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளில், திண்ணைகளில், காப்பி முறுக்கோடும் அது தீர்மானமாகிறது.

“பரீட்சை?” என்றேன்.

“நல்லா எழுதுவேன் மாமா” என்றான், யோசிக்காமல்.

யோசிக்காமல் சொன்னதால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அவனுக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் இருவரும் ஒப்புக்கொண்டோம்.

வீடு வந்து சேர்ந்தோம். அக்கா அடுக்களையிலிருந்து, “பேசினியா?” என்று கேட்டாள்.

“பேசினேன்.”

“என்ன சொன்னான்?”

மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கீழே என் கையெழுத்து இருந்தது. அதை அவள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த பையனையும் பார்த்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“அந்த விடுதியில சாப்பாடு எப்படி இருக்கும்னு விசாரிச்சியா?” என்று கேட்டாள்.

நான் அதை விசாரிக்கவில்லை. 1959-லிருந்து எல்லாவற்றையும் விசாரித்தவன், அதை மட்டும் விட்டுவிட்டேன்.